டீச்சர் சைக்கிளில் ஓர் ஆக்சிலேட்டர்

ஓடைக்கரை மடத்தில் குருவை விடச் சீடருக்கு வயது கூடுதல். குரு இன்னும் நாற்பதைத் தொடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் போதும் என்று தோன்றி எழுந்து வந்துவிட்டதாகச் சொல்வார்கள். அவரிடமே கேட்டால் சிரிப்பார்.

சீடர் தங்கப்பழம் அறுபதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுக்கப் பி.டி. வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு, குருவிடம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று மடத்துக்கு வந்தார். வந்த இடத்தில் தோட்டத்து வேலி கோணலாக இருந்தது கண்ணில் பட்டது. அதை நேராக்கினார். அப்புறம் பம்புசெட்டு. அப்புறம் வாசல் கதவு. இப்படியே போனதில் என்ன சந்தேகம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. ஆள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

மடம் மலையடிவாரத்தில் இருக்கிறது. பஸ் நிற்கிற விலக்கிலிருந்து மேலப்பாறை என்கிற சின்ன ஊருக்கு ஒரு மேட்டுச் சாலை போகிறது. அந்தச் சாலையில் பாதி வழியில் மடம். மடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மதகு. அந்த இடத்தில்தான் ஏற்றம் அதிகம். மாட்டு வண்டிக்காரர்கள்கூட அங்கே இறங்கி நடப்பார்கள்.

அந்தச் சாலையில் தினமும் ஏறிப் போகிறவர் மங்கையர்க்கரசி. மேலப்பாறை அங்கன்வாடிக்கு அவர்தான் டீச்சர். வீடு டவுனில். அவருக்கு முன்னால் அந்த ஊருக்குப் போடப்பட்டவர்கள் யாரும் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கியதில்லை. மங்கையர்க்கரசி மட்டும் வந்தார், இருந்தார். மேலப்பாறைப் பிள்ளைகள் தூங்கி எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, டீச்சர் வந்தாச்சா என்பதுதான்.

போன மழையில் மதகுப் பக்கம் வழுக்கி விழுந்து, அவருடைய இடது முழங்கால் போயிற்று. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மேடு ஏறலாம் என்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னையில் இருக்கும் ஒரு பக்தர் குருவுக்கு ஒரு சைக்கிள் அனுப்பிவைத்தார். பேட்டரி சைக்கிள். நடுவில் மடக்கி, கைப்பிடியையும் மடக்கிவிட்டால் ஒரு பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். குரு அதில் ஏறி மடத்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவருடைய கால் நீளத்துக்கு முழங்கால் காதைத் தொட்டது. இறங்கி, இது எனக்கு இல்லை என்று சொல்லி, அன்று சாயங்காலமே அதை மங்கையர்க்கரசியிடம் கொடுத்துவிட்டார்.

டீச்சருக்கு அது அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டுவார். மடக்கி பஸ்ஸில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். விலக்கில் இறங்கி விரித்தால் மறுபடி சைக்கிள். மிதிக்க மிதிக்க மோட்டார் கூடவே சேர்ந்து தள்ளும். கால் சும்மா சுற்றினால் போதும்.

ஒரே ஒரு சங்கடம். மிதி கொஞ்சமாவது சுற்றினால்தான் மோட்டாருக்கு ஆள் இருப்பது தெரியும். அந்த முதல் மிதி மனிதக் காலுடையதாகத்தான் இருக்க வேண்டும். சமதளத்தில் அது ஒன்றுமில்லை. மேட்டில் நின்றுவிட்டால், அந்த ஒரு மிதிக்கு முழங்கால் உயிரை வாங்கும்.

ஒரு நாள் டீச்சர் மடத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு விசை, அதிலிருந்து ஒரு வயர். சைக்கிளுக்கான கை ஆக்சிலேட்டர். அழுத்தினால் மிதிக்காமலே வண்டி நகரும் என்று கடைக்காரன் சொன்னானாம். மாட்டித் தர முடியுமா என்று தங்கப்பழத்திடம் கேட்டார்.

கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் தங்கப்பழத்திடம் டிரில் படித்தவர் அவர். இன்றைக்கும் சாரைப் பார்த்தால் கை தன்னால் பின்னுக்குப் போய்க் கட்டிக்கொள்ளும்.

தங்கப்பழம் பொட்டலத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காலுக்கு வேலை கொடுத்தால்தான் கால் நமக்கு இருக்கும், கொடுக்காவிட்டால் அது நம்மை விட்டுப் போய்விடும் என்றார். தான் இந்த வயதிலும் தினமும் மலைக்கோயில் படி ஏறுவதைச் சொன்னார். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார், ஒற்றைக் காலில் பாரம் போட்டு.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குரு திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியாரே, அதை மாட்டத் தெரியுமா?"

"தெரியும் சாமி. மூணு வயரு. ஒரு மணி நேர வேலை."

"அப்ப மாட்டுங்க."

வேலை என்று வந்துவிட்டால் தங்கப்பழத்துக்குக் கொள்கை எல்லாம் இரண்டாம் பட்சம். கைப்பிடி ரப்பருக்குள் சோப்புத் தண்ணீர் விட்டு நைசாக உருவினார். விசையைக் குழாயில் நுழைத்து, டீச்சரின் கட்டைவிரலை வைத்துப் பார்த்து அளவு சரிசெய்து, முறுக்கினார். கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து யாருக்கும் வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இணைப்பில் வயரைச் சொருகினார். மடக்குகிற மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வயரைக் கொஞ்சம் தளர விட்டார், மடக்கும்போது இழுத்து அறுந்துவிடக் கூடாது என்று. இந்த மாதிரி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்து, பேட்டரியைப் போட்டு, வண்டியைத் தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறக்குவதற்காகக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். இறுக்கிப் பிடித்த பிடியில் கட்டைவிரல் சரியாக விசை மேல் உட்கார்ந்திருந்தது.

சைக்கிள் கிளம்பிவிட்டது. தங்கப்பழம் விடுகிறவர் அல்ல, கூடவே ஓடினார். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாரோ அவ்வளவு வேகமாக அது அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. முற்றத்தைக் கடந்து, கொடியில் காய்ந்த குருவின் வேட்டிக்குள் புகுந்து, வைக்கோல் போரில் போய் இருவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சாரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது.

குரு தண்ணீர்ச் செம்போடு வந்து எட்டிப் பார்த்தார். "எங்க வாத்தியாரே, ஏதாச்சும் அவசரமா?"

வேட்டியை விலக்கிக்கொண்டு தங்கப்பழத்தின் முகம் வெளியே வந்தது. அடி ஒன்றும் படவில்லை, மானம்தான் கொஞ்சம் சிராய்த்திருந்தது.

அவருக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. அன்று மத்தியானம் முழுக்க சைக்கிளின் சின்னத் திரையை நோண்டிக்கொண்டிருந்தார். அதில் ஓர் ஏற்பாடு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை மாற்றி வைத்தால், மிதி முதலில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆக்சிலேட்டர் வேலை செய்யும். நின்ற இடத்தில் என்னதான் அழுத்தினாலும் வண்டி அசையாது. மாற்றிவைத்துவிட்டுக் குருவிடம் போய்ச் சந்தோஷமாகச் சொன்னார்.

"இனிமே யாரையும் இழுத்துக்கிட்டுப் போகாது சாமி. முதல்ல அவ ஒரு மிதி மிதிக்கணும். அதுக்கப்புறம் விசை. பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, காலுக்கும் வேலை."

குரு வைக்கோல் ஒட்டியிருந்த வேட்டியை எடுத்து உதறினார். வேட்டியை மறுபடி துவைக்கப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் மதகுப் பக்கம் ஆடுகள் மறித்தன. டீச்சர் பிரேக் பிடித்து நின்றார். ஆடுகள் அவற்றுக்குத் தோன்றியபோது போயின. டீச்சர் கட்டைவிரலை அழுத்தினார். வண்டி நின்றது. இன்னும் அழுத்தினார். வண்டி நின்றுகொண்டே இருந்தது. இடது காலை ஊன்றி மிதிக்கப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டே மேலப்பாறை போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகளை அழைத்து வந்த தாய்மார்கள் காத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் இறங்கி வரும்போது மடத்தில் தண்ணீர் குடிக்க நின்றார். மேலதிகாரி அம்மா இடமாற்றம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். டவுனிலேயே, சமதளத்தில். இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். தான் போய்விட்டால் மேலப்பாறைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள், அங்கன்வாடியை விலக்கில் இருப்பதோடு சேர்த்துவிடுவார்கள், அவ்வளவு தூரம் அந்தச் சின்னப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள் என்றெல்லாம் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால்கூடக் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்கப்பழம், முதல் மிதியை முயற்சி செய்து பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்தேன் சார்," என்றார் டீச்சர். "வரல சார்."

இன்னும் நாலு நாள் முயற்சி செய், வந்துவிடும் என்றார் தங்கப்பழம். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவர் ஆயிரம் பிள்ளைகளை ஓடவைத்தவர். முடியாது என்று சொன்ன பிள்ளை கடைசியில் ஓடியதை எத்தனையோ தரம் பார்த்தவர். ஆனாலும் டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபோது அவருக்குள் ஏதோ உறுத்தியது. மறுநாள் வரைக்கும் அது விடவில்லை.

மறுநாள் வேலியோரம் களை வெட்டிவிட்டு வரும்போது, அடுக்களைப் பக்கம் போய்க்கொண்டிருந்த குருவை வழிமறித்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"பழைய சந்தேகமா? ஞாபகம் வந்துருச்சா?"

"அது இல்ல சாமி. இது புதுசு. முயற்சி செய்யிதவங்களுக்குத்தானே உதவி செய்யணும்? முயற்சியே இல்லாம உதவி கெடைச்சா அது அவங்களைக் கெடுத்துராதா?"

"நியாயமான கேள்வி," என்றார் குரு. "வாங்க, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சமைப்பது யாராக இருந்தாலும், பரிமாறுவது குருதான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. குரு சோற்று வாளியோடு வந்து ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். தங்கப்பழத்தின் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றார். காலையிலிருந்து களை வெட்டியவர் தங்கப்பழம். சோற்றின் வாசனைக்கே அவர் வயிறு சத்தம் போட்டது.

"ஒரு வாய் சாப்பிடுங்க வாத்தியாரே. போடுறேன்," என்றார் குரு.

தங்கப்பழம் இலையைப் பார்த்தார். தெளித்த தண்ணீரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"சாமி, இலையில ஒண்ணும் இல்லியே."

"முதல் வாய் உங்களுது. அதுக்கப்புறம் வாளியோட கவுத்துறேன்."

பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறிவிட்டது. தங்கப்பழம் குருவின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. குரு சொன்னதை எப்படிச் செய்யாமல் இருப்பது. வெறும் இலையிலிருந்து ஒரு கை காற்றை அள்ளி, உருட்டி, வாயில் போட்டு மென்றார்.

"முழுங்கிட்டீங்களா?"

"முழுங்கிட்டேன் சாமி."

"பசி கொஞ்சம் அடங்குச்சா?"

"இல்ல சாமி."

"இன்னும் நாலு நாள் முயற்சி பண்ணுங்க. வந்துரும்," என்று சொல்லிவிட்டுக் குரு அடுத்த இலைக்குப் போனார்.

சாம்பார் வந்தது. எல்லார் இலையிலும் விழுந்தது. பொரியல் வந்தது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. தங்கப்பழம் மட்டும் பளபளவென்றிருந்த தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பிறகு இரண்டும் போய் ஏதோ உறைத்தது. சட்டென்று எழுந்தார்.

குரு ரசத்தோடு வந்துகொண்டிருந்தார். "எங்க கிளம்பிட்டீங்க?"

"மேலப்பாறைக்கு, சாமி. அந்த வண்டியில ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

"பசியோடயா?"

"பசி இருக்கும்போதே பாத்துட்டு வந்துருதேன் சாமி. வயிறு நெறஞ்சா மறந்துரும்."

வெயிலில் மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் போய், அங்கன்வாடி வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் திரையைத் திருப்பி முன்பு இருந்தபடியே வைத்தார். நின்ற இடத்திலேயே விசையை அழுத்தினால் வண்டி நகர வேண்டும். நகர்ந்தது. தூக்கும்போதும் மடக்கும்போதும் பேட்டரியை அணைத்துவிட வேண்டும் என்று டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தார். தான் வைக்கோல் போரில் விழுந்த கதையை அவரே மறுபடி நடித்துக் காட்டினார். இந்தத் தடவை டீச்சர் வாயைப் பொத்தாமல் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலேயே.

அவர் திரும்பி வந்தபோது இலை அப்படியே போட்டிருந்தது. குரு வாளியைக் கிட்டத்தட்டக் கவிழ்த்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தங்கப்பழத்துக்கு மனம் கொள்ளாத சந்தோஷம். தான் மாட்டிய விசை எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா. மறுநாள் காலையில் டீச்சர் வருகிற நேரத்துக்கு மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும் உட்கார்ந்தார். பிறகு அதுவே காலைக் கடன்களில் ஒன்றாக ஆகிவிட்டது. பல் தேய்ப்பது, படி ஏறுவது, மதகில் உட்கார்வது.

டீச்சர் இப்போது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இடமாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். மடத்தில் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் கொஞ்ச நாளிலேயே முழங்கால் மறுபடி வீங்கிற்று. சாயங்காலம் மடத்து வாசலில் நிற்கும்போது டீச்சரின் முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். வற்புறுத்திக் கேட்டதில், இடமாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், மாதக் கடைசி நெருங்கிவிட்டது, வண்டியின் மேல் ஒரு தப்பும் இல்லை, என் காலுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்றார்.

தங்கப்பழம் இடிந்துபோனார். அன்றைக்கே வண்டியை வாங்கி, வயர் வயராகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. குருவிடம் போனார்.

"ஒண்ணும் புரியல சாமி. விசை நல்லா வேலை செய்யுது. முழங்கால் மட்டும் ஏன் வீங்குதுன்னு தெரியல."

"நீங்க அவங்க ஓட்டிப் பாத்திருக்கீங்களா?"

"தெனமும் பாக்குதேன் சாமி. மதகுல உக்காந்து." தங்கப்பழத்தின் குரலில் பெருமை வந்துவிட்டது. "என்ன மரியாதையான பிள்ளை! வாத்தியார் உக்காந்திருக்கும்போது சைக்கிள்ல உக்காந்தபடியே தாண்டிப் போகலாமா? பக்கத்துல வந்ததும் இறங்கி நின்னு, வணக்கம் சார்னு சொல்லிட்டுத்தான் ஏறுவா. இந்தக் காலத்துல யாரு இறங்குதா? அதோட, ரோஷக்காரி சாமி. அந்த மேட்டுல மறுபடி வண்டியை எடுக்கும்போது விசையில வெரலே வைக்கிறதில்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சேதான் எடுக்கா. நான் நல்லா கவனிச்சிருக்கேன்."

குரு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்.

"நம்ம அடுக்களைக்குப் பின்னால முருங்கை காய்ச்சிருக்கா?"

"சடை சடையா தொங்குது சாமி."

"எனக்கு முருங்கைக்காய் மேல ஆசையா இருக்கு. நாளையிலேருந்து தினமும் காலையில நீங்களே பறிச்சுத் தரணும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி."

"எத்தன மணிக்கு சாமி?"

"விலக்குல பஸ் ஹாரன் அடிக்கும் பாருங்க, அப்ப ஆரம்பிங்க. அவசரம் வேண்டாம். ஒவ்வொண்ணா, முத்தலா பிஞ்சான்னு பாத்துப் பறிங்க."

குருவுக்கு ஒன்றில் ஆசை வருவது அதிசயம். தங்கப்பழம் மதகை மறந்தார். மறுநாள் பஸ் ஹாரன் கேட்டதும் தொரட்டியோடு அடுக்களைக்குப் பின்னால் போய் நின்றார். ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, விரலால் நெருடிப் பார்த்து, பறித்துக்கொண்டு வந்தார். அன்று முருங்கைக்காய் சாம்பார். அடுத்த நாளும் முருங்கைக்காய் சாம்பார். அதற்கடுத்த நாள் ஒரு மாறுதலுக்கு முருங்கைக்காய்ப் பொரியல். மடத்தில் மற்றவர்கள் இலையோரம் சக்கை மலையாகக் குவிய, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரு மட்டும் ஒன்றும் சொல்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

இப்படியே ஒரு வாரம் போலப் போயிற்று.

ஒரு சாயங்காலம் டீச்சர் மடத்துக்கு வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று நடந்து வந்தார். கையில் ஓர் ஓலைப் பெட்டியில் கருப்பட்டி மிட்டாய். எல்லாருக்கும் கொடுத்தார். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். மேலதிகாரி அம்மாவிடம் இடமாற்றம் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டு வருகிறாராம். மேலப்பாறைத் தாய்மார்கள் கேள்விப்பட்டு, வாங்கி வந்த மிட்டாயில் பாதியை அங்கேயே பறித்துக்கொண்டார்களாம். சொல்லும்போதே டீச்சருக்குச் சிரிப்பும் மூச்சும் ஒன்றாக வந்தன.

அவர் போன பிறகு தங்கப்பழம் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு உள்ளபடியே மனம் குளிர்ந்திருந்தது.

"சாமி, டாக்டர் பாத்தும் கேக்காத முழங்கால். நீங்கதான் ஏதோ மருந்து கொடுத்திருக்கணும். அது என்னன்னு எனக்கும் சொல்லக்கூடாதா?"

"முருங்கைக்காய்," என்றார் குரு.

தங்கப்பழம் யோசித்தார். "அவ நம்ம மடத்துச் சாம்பாரை ஒரு நாளும் தொட்டதில்லியே சாமி."

"அவங்க சாப்பிட வேண்டியதில்ல. நீங்க பறிச்சாப் போதும்."

"நான் பறிச்சதுக்கும் அவ முழங்காலுக்கும் என்ன சாமி சம்பந்தம்?"

குரு தன் பங்கு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அந்த மரத்தடியில நின்னா ரோடு தெரியாது, வாத்தியாரே."